பாக்கிச் சில்லறை கேட்க முடியாதவர்களுக்கு: சமூகப் பதற்றத்தோடும் ஒதுங்கும் சுபாவத்தோடும் வாழ ஒரு முழு வழிகாட்டி

பஸ்ஸில் 50 ரூபாய் நோட்டை நீட்டினால், சில்லறை இல்லாத கண்டக்டர் டிக்கெட்டின் பின்பக்கம் 36 என்று பேனாவால் கிறுக்கிக் கொடுத்து, "இறங்கும்போது வாங்கிக்கங்க" என்பார். பெரும்பாலானவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. எனக்கோ அந்த எண் விழுந்த நொடியில் இருந்து ஜன்னலுக்கு வெளியே எதுவும் கண்ணில் படாது. "அண்ணே, முப்பத்தாறு பாக்கி" என்பதா, "சார், சில்லறை" என்பதா? அவர் முன்பக்கம் நின்றால் கத்திக் கூப்பிட வேண்டுமே? "எவ்ளோ?" என்று அவர் திருப்பிக் கேட்டால் எல்லாரும் பார்ப்பார்களே? மூன்று ஸ்டாப்பிங் தூரம் ஒத்திகை நடக்கும். அப்புறம் என் ஸ்டாப்பிங் வரும். பேசாமல் இறங்கிவிடுவேன்.

இறங்கிய அந்த நிமிடம் வெட்கமாகவோ வருத்தமாகவோ இருக்காது. அப்பாடா என்றிருக்கும். பஸ் புகையைக் கக்கிவிட்டுப் போகும்போது மனசு அவ்வளவு லேசாகிவிடும். 36 ரூபாய் கொடுத்து நான் வாங்கியது அந்த அப்பாடாவைத்தான். பின்னால் அதே சரக்கை இன்னும் பெரிய விலைக்கு வாங்கினேன்: கேட்காமல் விட்ட சம்பள உயர்வு, வாசல் வரை போய்த் திரும்பிய நேர்காணல், பதில் போடாமலே கைவிட்டுப்போன நண்பர்கள். இந்த வழிகாட்டி முழுக்க அந்த அப்பாடாவைப் பற்றித்தான். பயத்தைவிட அதுதான் இந்தச் சிக்கலை ஊட்டி வளர்க்கிறது.

நான் மருத்துவர் இல்லை. இருபது வருடம் இதோடு குடித்தனம் நடத்திய அனுபவமும், சிகிச்சையில் கற்றுக்கொண்டதும், படித்துத் தெரிந்துகொண்டதும்தான் என் கையில் இருப்பவை.

கூச்சமா, பதற்றமா, ஒதுங்கலா?

முதலில் இந்த மூன்றையும் பிரித்துக்கொள்வோம். சபைக் கூச்சம் ஊரில் பலருக்கும் உண்டு. புதிய இடத்தில் பத்து நிமிடம் நெளிவார்கள், அப்புறம் பழகிவிடுவார்கள். அதற்கு வழிகாட்டி தேவையில்லை.

சமூகப் பதற்றக் கோளாறு வேறு மாதிரி. பிறர் பார்வை நம் மேல் விழும் இடங்களில், அதாவது பேசும்போது, சாப்பிடும்போது, கையெழுத்துப் போடும்போதுகூட, "தப்பாக நினைத்துவிடுவார்கள்" என்ற பயம் உடம்பையே பிடித்துக்கொள்ளும். நெஞ்சு அடிக்கும், முகம் சிவக்கும், குரல் நடுங்கும். இது ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பையோ வேலையையோ உறவையோ கெடுத்தால்தான் கோளாறு என்று பெயர் வைக்கிறார்கள். 1966இல் ஐசக் மார்க்ஸ், மைக்கேல் கெல்டர் என்ற இரு மருத்துவர்கள் இதை மற்ற பயங்களில் இருந்து தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். 1980இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கக் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் அதிகாரபூர்வமாக இடம் கிடைத்தது.

அதே 1980 பதிப்பில்தான் தவிர்க்கும் ஆளுமை என்பதும், அதாவது நான் ஒதுங்கல் என்று சொல்வதும், உள்ளே வந்தது. அந்தப் பெயரை 1969இல் வைத்தவர் உளவியலாளர் தியோடர் மில்லன். கையேட்டின் இப்போதைய பதிப்பு இதற்கு ஏழு அடையாளங்கள் சொல்கிறது, அதில் குறைந்தது நாலு இருக்க வேண்டும் என்கிறது. பட்டியலை அப்படியே ஒப்பிக்காமல் நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஆட்களோடு புழங்க வேண்டியிருக்கும் என்பதற்காகவே நல்ல வேலையை விடுவது. "இவருக்கு நம்மைக் கண்டிப்பாகப் பிடிக்கும்" என்று உறுதியானால் ஒழிய யாரிடமும் ஒட்டாதது. கட்டிய துணையிடம்கூட மனசைத் திறக்காதது. ஒரு சின்னக் குத்தல் பேச்சை ஒரு மாதம் அசைபோடுவது. புது இடத்தில் வாயில்லாப் பூச்சியாகிவிடுவது. எல்லாரையும்விட நாம் ஒரு மாற்றுக் குறைவு என்று உள்ளூர நம்புவது. அசிங்கப்பட்டுவிடுவோமோ என்று புதிதாக எதையும் தொடாமலே இருப்பது.

இரண்டுக்கும் நடுவில் கோடு மெல்லியது, பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். எனக்குப் புரிந்த வித்தியாசம் இதுதான்: பதற்றம் உள்ளவர் "நான் உளறிவிடுவேனோ" என்று பயப்படுகிறார். ஒதுங்குபவர், "நான் உளறாவிட்டாலும், கிட்டே வந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்துவிடும்" என்று பயப்படுகிறார். முன்னவருக்கு மேடை கஷ்டம். பின்னவருக்கு நட்பே கஷ்டம்.

தனிமை பிடித்தவர்களோடும் இதைக் குழப்பக்கூடாது. அவர்களுக்கு ஆள் வேண்டாம், அவ்வளவுதான். நமக்கு ஆள் வேண்டும். பக்கத்து வீட்டுச் சிரிப்புச் சத்தம் கேட்டால் வயிற்றில் ஏதோ செய்யும். அதுதான் வலியே.

ஒரு விஷயம்: 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆம் வகைப்பாடு, தவிர்க்கும் ஆளுமை மாதிரியான தனித்தனி முத்திரைகளைக் கைவிட்டுவிட்டது. பாதிப்பு எவ்வளவு கடுமை, எந்தெந்தக் குணக்கூறுகள் தூக்கலாக இருக்கின்றன என்றுதான் பார்க்கிறது. எனக்கு இது நியாயமாகப் படுகிறது. "நான் இந்த ஆளுமைக் கோளாறு" என்று நெற்றியில் எழுதிக்கொள்வதைவிட "எனக்கு ஒதுங்கும் குணம் கூடுதல்" என்பதோடு வாழ்வது சுலபம்.

முதல் வேலை: இரண்டு வாரம் கணக்கு எழுதுங்கள்

எதையும் மாற்ற வேண்டாம். ஒரு சின்ன நோட்டில், தவிர்த்ததை மட்டும் அன்றன்றே எழுதுங்கள். எந்த இடம், என்ன நடக்கும் என்று நினைத்தேன், எப்படித் தப்பித்தேன், அதற்கு என்ன விலை கொடுத்தேன். நாலு வரி போதும்.

என் பழைய நோட்டில் இருந்து ஒன்று: "செவ்வாய். கேஸ் ஏஜென்சிக்கு போன் பண்ணணும். திட்டுவாங்கன்னு தோணிச்சு. தங்கச்சியைப் பண்ணச் சொன்னேன். விலை: அவ மூஞ்சி."

எழுத எழுத இரண்டு வகைத் தப்பித்தல் தெரியவரும். ஒன்று, போகாமலே இருப்பது. அது கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று, போயும் போகாதது மாதிரி இருப்பது. இதுதான் பொல்லாதது. கல்யாண மண்டபத்தில் தூண் ஓரம் நின்று போனையே பார்ப்பது. மொய் எழுதிவிட்டுப் பந்திக்கு முன்பே கிளம்புவது. வியர்வை தெரியாமலிருக்கக் கறுப்புச் சட்டையே போடுவது. ஒவ்வொரு வாக்கியத்தையும் மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசுவது. யாரும் நம்மைக் கேள்வி கேட்காதபடி அவர்களையே கேள்வி கேட்டுக்கொண்டிருப்பது. இதையெல்லாம் உளவியலில் பாதுகாப்பு நடத்தைகள் என்கிறார்கள். 1995இல் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் இருவரும் சமூகப் பதற்றம் ஏன் தானாக ஆறுவதில்லை என்று ஒரு விளக்கம் கொடுத்தார்கள். அதில் இதற்கு முக்கிய இடம் உண்டு. அத்தனை விசேஷங்களுக்குப் போய்வந்தும் பயம் ஏன் குறையவில்லை? ஏனென்றால் ஒவ்வொரு முறையும் "தூணும் போனும் இருந்ததால் தப்பித்தேன்" என்றே மனசு எழுதிக்கொள்கிறது. "ஒன்றும் ஆகவில்லை" என்று எழுத அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்த ஒளிவுகளே நம்மை விசித்திரமாகக் காட்டும். ஒத்திகை பார்த்துப் பேசுகிறவர் எதிராளி சொல்வதைக் கேட்பதில்லை. போனைப் பார்க்கிறவருக்குத் திமிர் என்று ஊர் பேசும். எனக்கு உறவுக்காரர்கள் மத்தியில் பல வருடம் இருந்த பெயர் "தலைக்கனம்".

இரண்டாவது: பார்வையை வெளியே திருப்புங்கள்

பதற்றம் வந்ததும் கவனம் முழுக்க உள்ளே போய்விடும். கன்னம் சூடாகிறதா, கை நடுங்குகிறதா, குரல் எப்படி இருக்கிறது. உள்ளே உணர்வதை வைத்தே, வெளியே நாம் எப்படித் தெரிகிறோம் என்று ஒரு படம் வரைந்துகொள்வோம். அந்தப் படம் எப்போதுமே கோரமாக இருக்கும், எப்போதுமே தப்பாகவும் இருக்கும்.

2000இல் தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரும் அவர் கூட்டாளிகளும் வெளியிட்ட ஒரு சோதனை இதற்குப் பிரபலம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், மாணவர்கள் போட வெட்கப்படும் ஒரு பழைய பாடகரின் படம் போட்ட டீ ஷர்ட்டை மாட்டிவிட்டு, ஒருவரை ஆட்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். "எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?" என்று கேட்டால் பாதிப் பேர் என்றார். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர். இவர்கள் பதற்றக்காரர்கள்கூட இல்லை, சாதாரண மாணவர்கள்.

பயிற்சி டீக்கடையில் தொடங்கலாம். கிளாஸோடு நிற்கும்போது உடம்பைக் கவனிக்காமல் மாஸ்டரைக் கவனியுங்கள். எத்தனை முறை ஆற்றுகிறார், வடிகட்டியை எங்கே மாட்டியிருக்கிறார், பெஞ்சில் இருப்பவர் பேப்பரில் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார், ரேடியோவில் என்ன ஓடுகிறது. மனசு உள்ளே ஓடினால் திட்டாமல் மறுபடி வெளியே கூட்டிவாருங்கள். ஐந்து நிமிடம், தினமும். யாரோடும் பேசத் தேவையில்லாத இடத்தில் பழகிக்கொண்டால்தான் ஆட்கள் நடுவில் கைகொடுக்கும். பேசும்போதும் இதே வேலைதான். அவர் சொல்வதில் ஒரு விவரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், அடுத்த கேள்வி அதிலிருந்தே வரும்.

அப்புறம் ராத்திரி போஸ்ட்மார்ட்டம். காலையில் சொன்ன ஒரு வார்த்தையைப் படுக்கையில் நூறு தடவை திருப்பிப் போட்டு, "ஐயோ, அதை ஏன் சொன்னேன்" என்று போர்வைக்குள் முனகுவது. நிறுத்து என்றால் அது நிற்காது. நான் செய்வது இது: உண்மையில் நடந்ததை மட்டும் ஐந்து வரி எழுதுவேன். அவர் முகத்தில் தெரிந்ததாக நான் நினைத்தது அதில் வரக்கூடாது, அவர் வாயில் வந்தது மட்டும் வரலாம். பெரும்பாலும் மூன்று வரிக்கு மேல் எழுத ஒன்றும் இருக்காது.

மூன்றாவது: ஏணி

இதுதான் நடுநாயகம், இதில்தான் அதிக நாள் போகும். பயத்துக்கு 0 முதல் 100 வரை மார்க் போடும் முறையைக் கொண்டுவந்தவர் ஜோசப் வோல்பி என்ற மனநல மருத்துவர். 0 என்றால் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு இருப்பது. 100 என்றால் உயிரே போகிறது என்ற நிலை. தவிர்க்கும் காரியங்களுக்கு மார்க் போட்டு வரிசையாக அடுக்குங்கள். என்னுடையது இப்படி இருந்தது:

20 – டீக்கடையில் "சர்க்கரை கம்மி" என்று சொல்வது. நான் வருடக்கணக்கில் பாகு மாதிரி டீ குடித்தவன்.
30 – முன்பின் தெரியாத ஒருவரிடம் மணி கேட்பது, போன் கையில் இருக்கும்போதே.
45 – கண்டக்டரிடம் பாக்கி கேட்பது.
50 – துணிக்கடையில் பத்துப் பதினைந்து எடுத்துப் போடச் சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் வருவது.
60 – பக்கத்தில் ஆள் இருக்கும்போது போன் பேசுவது.
75 – அலுவலகக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்பது.
85 – கல்யாணத்தில் தனியாகப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு வருவது.
95 – மேலதிகாரியிடம் "இது என்னால் முடியாது" என்பது.

உங்களுடையது வேறாக இருக்கும். மேடையில் பாடுவது 30ஆகவும், பாத்திரக் கடையில் பேரம் பேசுவது 90ஆகவும் உள்ளவர்களை எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு படிக்கும் முன்னால் ஒரு வரி கட்டாயம் எழுத வேண்டும்: என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன்? "சங்கடமா இருக்கும்" என்று எழுதினால் செல்லாது, அதைச் சரிபார்க்க முடியாது. "கண்டக்டர் சத்தம் போடுவார், பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள்" என்று எழுதினால் சரிபார்க்கலாம். அப்புறம் ஒளிவுகளை விட்டுவிட்டுப் போங்கள். போன் பையில் இருக்கட்டும். திரும்பி வந்து, நடந்தது என்ன என்று எழுதுங்கள்.

நான் பாக்கி கேட்ட முதல் நாள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். குரல் வரவில்லை. இரண்டாவது தடவைதான் வந்தது, அதுவும் தேவைக்கு மேல் சத்தமாக. முன் சீட்டில் ஒரு பாட்டி திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "நாப்பதா வச்சுக்கங்க, நாலு ரூவா குடுங்க" என்றார். நாலு ரூபாய் என்னிடம் இல்லை. இதற்கு ஒத்திகையே பார்க்கவில்லையே! அந்தப் பாட்டி சுருக்குப் பையை அவிழ்த்து இரண்டு இரண்டு ரூபாய்க் காசு எடுத்து நீட்டினார், "அடுத்த ஸ்டாப்புதானே, எறங்கு எறங்கு" என்று அவசரப்படுத்தினார். நான் எழுதிவைத்திருந்த எந்தப் பயமும் நடக்கவில்லை. எழுதாத ஒன்று நடந்தது. நோட்டில் "பாட்டிக்கு 4 ரூபாய் கடன்" என்று எழுதினேன்.

ஒரு படியை ஒருமுறை செய்தால் போதாது. வெவ்வேறு கடை, வெவ்வேறு நேரம், வெவ்வேறு ஆள் என்று பலமுறை செய்ய வேண்டும். பயம் முழுசாக அடங்கினால்தான் அடுத்த படி என்று காத்திருக்கவும் வேண்டாம். மிஷெல் கிராஸ்க் போன்ற உளவியல் ஆய்வாளர்கள் வலியுறுத்துவது, அந்த நேரத்தில் பயம் எவ்வளவு குறைந்தது என்பதைவிட, எதிர்பார்த்ததும் நடந்ததும் எவ்வளவு மாறியிருந்தன என்பதுதான் மனசில் பதியும் பாடம் என்று. கை நடுங்கிக்கொண்டே செய்து முடித்தாலும் அது செய்ததுதான்.

சிலசமயம் பயந்தது நடந்தே விடும். கடைக்காரர் எரிந்து விழுவார். அதுவும் ஏணியில் வேண்டியதுதான், ஏனென்றால் எரிந்து விழுந்த பிறகும் நீங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கியிருப்பீர்கள். இதை வேண்டுமென்றே செய்தவர் ஆல்பர்ட் எல்லிஸ். பிற்காலத்தில் பெரிய உளவியலாளராக வந்தவர், 19 வயதில் பெண்களிடம் பேசவே நடுங்குபவராக இருந்தார். நியூயார்க்கின் பிராங்க்ஸ் தாவரவியல் பூங்காவில் ஒரு மாதம் தினமும் போய், பெஞ்சில் தனியாக இருந்த நூறு பெண்களிடம் பேச்சுக் கொடுத்தார். ஒரே ஒருவர் சந்திக்க வருவதாகச் சொன்னாராம், அவரும் வரவில்லை. ஆனால் பயம் போய்விட்டது என்று எல்லிஸ் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்கு நம் ஊர்ப் பூங்காவில் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன், அந்தப் பெண்களுக்கும் நிம்மதி வேண்டும். அதற்குப் பதில் செல்போன் கடையில் போய் "குடை இருக்கா?" என்று கேளுங்கள். "இல்லைங்க" என்பார். சரி என்று வந்துவிடுங்கள். அவ்வளவுதான்.

கல்யாண வீட்டுக்கு ஒரு குறிப்பு: தாமதமாகப் போகாதீர்கள், முன்னாலேயே போங்கள். நிறைந்த மண்டபத்துக்குள் நுழைவதைவிட, நாலு பேர் இருக்கும் மண்டபம் உங்களைச் சுற்றி மெல்ல நிறைவது சுலபம். முதல் ஒன்றிரண்டு முறை சந்தனத் தட்டு பிடிப்பது, பந்தியில் தண்ணீர் ஊற்றுவது என்று ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஜக்கே நாளடைவில் தூணாக மாறிவிடும், கவனம். "எப்போ கல்யாணம்?" "என்ன சம்பளம்?" மாதிரிக் கேள்விகளுக்கு ஒரே பதிலை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். "ஆகும்போது சொல்றேன் அத்தை, உங்க முழங்கால் வலி எப்படி இருக்கு?" என்பது இதுவரை என்னைக் கைவிட்டதில்லை.

நாலாவது: கிட்டே வர விடுவது

ஏணி சமூகப் பதற்றத்தை நன்றாக இறக்கும். ஒதுங்கும் குணத்துக்கு அது பாதி மருந்துதான். நான் கடைக்காரர்களிடம் சரளமாகப் பேசப் பழகிய பிறகும் எனக்கு நெருங்கிய நண்பர் என்று ஒருவர் இல்லை. அந்நியர்களிடம் பேசுவதில் ஆபத்து குறைவு. அவர்களுக்கு நம்மைத் தெரியாது, தெரியப்போவதும் இல்லை.

இதன் வேர் பெரும்பாலும் பழையது. பிறப்பிலேயே புதுமையைக் கண்டு சுருங்கும் குழந்தைகள் உண்டு. ஹார்வர்டில் ஜெரோம் கேகன் என்ற உளவியலாளர் இதைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். அப்படிப்பட்ட எல்லாக் குழந்தைகளும் பெரியவர்களானதும் முடங்கிவிடுவதில்லை. ஆனால் அந்தச் சுருக்கத்தின் மேல் கேலியும் ஒப்பீடும் விழுந்தால் இறுகிவிடும். "பக்கத்து வீட்டுப் பையனைப் பாரு", "இதுக்கெல்லாம் அழுவியா", விருந்தாளி முன்னால் "ஒரு பாட்டுப் பாடு" என்று நிற்கவைத்து, பாடாததும் எல்லாரும் சிரிப்பது. தினமும் இதைக் கேட்கும் பிள்ளை "என்னிடம் ஏதோ குறை" என்று முடிவு கட்டிவிடுகிறது. அந்த முடிவை ஒரு டீக்கடைப் பயிற்சியால் தொட முடியாது.

தொடக்கூடியது மெதுவான வேலை. ஒரே ஒரு ஆளைத் தேர்ந்துகொள்ளுங்கள். கூட்டம் வேண்டாம். உங்களைக் கிண்டல் செய்யாதவர், ரகசியம் காப்பவர். வாரம் ஒருமுறை அவரிடம் உண்மையான ஒரு வாக்கியம் சொல்லுங்கள். "நல்லாருக்கேன்" என்பதற்குப் பதில் "இந்த வாரம் கொஞ்சம் கஷ்டம்" என்பது போதும். விளக்க வேண்டாம். பாராட்டினால் "அட, அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்று தள்ளாமல், "தேங்க்ஸ்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். எனக்கு ஏணியின் எந்தப் படியையும்விட இது கஷ்டமாக இருந்தது. பிடிக்காத ஹோட்டலுக்குக் கூப்பிட்டால் "வேற எடம் போலாமா" என்று கேளுங்கள். சின்ன உதவி கேளுங்கள். கருத்து மாறினால், உதவி கேட்டால் விட்டுப் போய்விடுவார்கள் என்ற நம்பிக்கையைச் சோதிக்கும் படிகள் இவை.

பதில் போடாத செய்திகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒதுங்குகிறவர்களின் வாட்ஸ்அப்பில் நிச்சயம் நாலைந்து இருக்கும். நண்பர் "எப்படி இருக்க?" என்று கேட்டிருப்பார். நல்லபடியாகப் பதில் எழுத வேண்டும் என்று தள்ளிப்போட்டு, ஒரு வாரம் ஆனதும் மன்னிப்பும் சேர்த்து எழுத வேண்டுமே என்று தள்ளிப்போட்டு, மூன்று மாதம் ஆனதும் இனி எந்த முகத்தோடு என்று விட்டிருப்போம். நண்பர் நம்மை விடவில்லை, நாம்தான் விட்டோம். ஆனால் மனசு கணக்கைத் திருப்பி எழுதும்: "பாரு, யாருமே தேடலை." என்னிடம் இருந்த மிகப் பழைய செய்திக்கு ஒரு வருடம் ஏழு மாதம் ஆகியிருந்தது. காரணம் சொல்லி ஒரு பக்கம் எழுதி அழித்தேன். கடைசியில் அனுப்பியது: "டேய், பதில் போடாம விட்டுட்டேன், தப்புதான். எப்படி இருக்க?" பத்து நிமிடத்தில் பதில் வந்தது. திட்டித்தான். திட்டியதோடு அவன் குழந்தையின் படமும் இருந்தது. குழந்தை பிறந்ததே எனக்குத் தெரியாது.

நீங்களும் இரண்டு வரிக்கு மேல் எழுதாதீர்கள். காரணம் நீள நீள அனுப்பாமல் விடும் வாய்ப்பும் கூடும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

அவருக்குப் பதிலாக ஆர்டர் செய்வது, அவருக்காக போன் பேசுவது, "அவ பேச மாட்டா" என்று முந்திக்கொண்டு சொல்வது எல்லாம் அன்பில் செய்வதுதான். ஆனால் அந்த அப்பாடாவை நீங்களே இலவசமாக ஊட்டிவிடுகிறீர்கள். அதற்காக ஒரேயடியாகக் கைவிட்டுத் தண்ணீரில் தள்ளவும் வேண்டாம். "இந்த வாரம் போனை நீ போடு, நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்" என்பது நடுவழி. "இதுக்குப் போயா பயம்?" என்ற வாக்கியத்தை மட்டும் வீட்டை விட்டே துரத்திவிடுங்கள்.

மருத்துவரிடம் எப்போது, எப்படி

வேலைக்கோ கல்லூரிக்கோ போக முடியவில்லை, குடித்தால்தான் பேச்சு வருகிறது, எதிலும் பிடிப்பில்லாமல் மனச்சோர்வு சேர்ந்துகொண்டது என்றால் தனியாக ஏணி ஏறிக்கொண்டிருக்க வேண்டாம். குடியைப் பற்றி ஒரு வார்த்தை: "ரெண்டு பெக் போட்டா நான் வேற ஆளு" என்பது உண்மைதான். அது எல்லாப் பாதுகாப்பு நடத்தைகளிலும் விலை கூடியது.

பேச்சு சிகிச்சைகளில் நன்றாக நிரூபணமானது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. மேலே சொன்ன கணக்கு, கவனம், ஏணி எல்லாம் அந்தக் குடும்பம்தான். சிகிச்சை முறைகளை மதிப்பிட்டுப் பரிந்துரைக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தனிநபருக்கான இந்தச் சிகிச்சையைத்தான் பெரியவர்களுக்கு முதலில் பரிந்துரைக்கிறது. வாரம் ஒன்று என்று மூன்று நாலு மாதம் ஆகலாம். ஒதுங்கும் ஆளுமை ஆழமாக இருந்தால் இன்னும் நீளும். அதற்கு ஜெஃப்ரி யங் உருவாக்கிய ஸ்கீமா சிகிச்சையும் பயன்படுகிறது. சிறுவயது முடிவுகளை நேராகத் தொடும் முறை அது.

மாத்திரைகளில் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின், பராக்ஸெட்டின் வகையை எழுதுவார்கள். வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும், முதல் சில நாள் படபடப்பு கூடினாலும் கூடும். நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தக்கூடாது, மருத்துவர் சொல்லி மெல்லக் குறைக்க வேண்டும். மேடைக்கு முன் போடும் புரோபிரனலால் நடுக்கத்தையும் நெஞ்சடிப்பையும் மட்டும் அடக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. அல்பிரசோலம் மாதிரி மாத்திரைகள் உடனே அப்பாடா தரும், அதனால்தான் பழக்கமாகிவிடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற சரக்கில்லை இது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு ஆகாது. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794இல் தொடங்கியது, அங்கும் புறநோயாளிகளைப் பார்க்கிறார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், வரிசையில் நிற்பவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான். இந்திய அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழிலும் பேசுவார்கள். இலங்கையில் இதற்கான உதவி எண் 1926. உயிரை விடும் எண்ணம் வந்தால் ஏணி, நோட்டு எல்லாவற்றையும் ஓரம் வைத்துவிட்டு முதலில் இந்த எண்ணைப் போடுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள். நேரம் பார்க்க வேண்டாம்.

போன் பேசப் பயப்படுகிறவர்களுக்குப் போன் எண் கொடுப்பது கொஞ்சம் அநியாயம்தான். முதல் வாக்கியத்தை எழுதி வைத்துக்கொண்டு வாசியுங்கள்: "எனக்குப் பேசவே பயம், அதுக்காகத்தான் போன் பண்றேன்." இதைவிடப் பெரிய அசட்டுத்தனங்களை அவர்கள் கேட்டிருப்பார்கள். நேரில் போனால் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் மருத்துவரிடம் நீட்டிவிடலாம். நான் அப்படித்தான் செய்தேன். அவர் முழுசாகப் படித்துவிட்டு, "கையெழுத்து நல்லாருக்கு, இனிமே பேசலாமா?" என்றார். வெளியே தெரிந்துவிடுமோ என்று தயங்குபவர்களுக்கு: 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்க மருத்துவர்கள் கடமைப்பட்டவர்கள்.

சறுக்கும்போது

சறுக்கும். வீடு மாறினால், வேலை போனால், ஒரு மாதம் காய்ச்சலில் படுத்தால், பழைய சுருக்கம் சத்தமில்லாமல் திரும்பி வரும். ஊரடங்கு முடிந்த பிறகு எனக்கு அப்படித்தான் ஆனது. இரண்டு வருடம் யாரையும் பார்க்காமல் இருக்க அரசாங்கமே அனுமதி கொடுத்தது மாதிரி இருந்தது, வெளியே வந்தால் டீக்கடையில் மறுபடி பாகு. ஏறின படியில் இருந்தே தொடங்க முயன்று இரண்டு முறை தோற்றேன். அப்புறம் பழைய நோட்டை எடுத்து, 20 மார்க் வரியில் இருந்து தொடங்கினேன். "சர்க்கரை கம்மி" சொல்ல முதல் தடவை எனக்கு ஒன்றரை மாதம் பிடித்திருந்தது. இந்த முறை நாலாவது நாள் சொல்லிவிட்டேன். அன்றைக்கு மாஸ்டர் சர்க்கரையே போடவில்லை.